உம் கொட்டுகிறவர்

கதை சொன்னால் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவளுக்குக் கோபம் வரும், அதோடு போயிற்று. எங்கள் லாரியில் அப்படிப் போகாது. என் வீட்டுக்காரர் உம் கொட்டாவிட்டால் நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புத்திசாலி நான்தான். அதனால் நடந்தது அத்தனைக்கும் முதலில் என்னைத்தான் கேட்க வேண்டும். அவரை அப்புறம் கேட்கலாம்.

அவர் பெயர் ஜெகதீஸ்வரன். லாரி டிரைவர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் பதினெட்டு வருடம் நேஷனல் பர்மிட் வண்டி. நாக்பூரும் கவுகாத்தியும் அவருக்கு எங்கள் ராசிபுரம் மாதிரி. வீட்டுக்கு வருவது மாதத்தில் நாலு நாள், அதிலும் இரண்டு நாள் தூங்கிக் கழிப்பார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் நேரத்துக்குக் காணாது. அதைப் பற்றி எனக்குப் பெரிய புகாரும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான்.

போன வருடம் ஆவணியில் ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே சாப்பிட்டவர் பாதிப் பேச்சில் நின்றார். கை தட்டில் அப்படியே இருந்தது. கண் என் முகத்தின் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயில் ஒன்றும் இல்லாமலே வாய் மென்றது. இடது கை லுங்கி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டேன். அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ரசம் ஊற்றச் சொன்னார். நான் ரசம் ஊற்றி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

லாரிக்காரன் பொண்டாட்டிக்கு முதலில் என்ன சந்தேகம் வருமோ அதுதான் எனக்கும் வந்தது. நாக்பூரில் எவளையோ வைத்திருக்கிறார், அவள் ஞாபகத்தில்தான் இந்த மனுஷன் சோற்றின் முன்னால் மரமாகி உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் வண்டி ஏறிப் போய்விட்டார். அந்த நாலு நாளை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த முறை வந்தபோது எங்கள் மகள் அறிவுச்செல்வி லீவில் வீட்டில் இருந்தாள். குமாரபாளையத்தில் நர்சிங் படிக்கிறாள். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்ததை அவள் பார்த்தாள். என்னைப் போல எவள் என்று யோசிக்கவில்லை. வாட்சைப் பார்த்து எத்தனை நொடி என்று எண்ணினாள். மறுநாள் எங்கள் இருவரையும் சேலத்துக்குப் பஸ் ஏற்றினாள்.

தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் நிதானமானவர். கீழே விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை, இதுவும் வலிப்புதான், லேசான வகை, மூளை அரை நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொள்கிறது, அந்த அரை நிமிடம் அவருக்குக் கணக்கிலேயே இருக்காது என்றார். காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை. கிணற்று மேட்டில் நிற்கக் கூடாது, தனியாகக் குளத்தில் இறங்கக் கூடாது, பைக் கூட ஓட்டக் கூடாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"வெவசாயமுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு பேச்சு பேசினார். "லாரியவுட்டு என்னை எறக்கிட்டீன்னா, அன்னிக்கே நான் செத்தவன்னு வெச்சுக்க மைதிலி." மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் பயந்துபோனேன். நாற்பத்தேழு வயதில் அவருக்கு வேறு என்ன தெரியும்? கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளுவாரா? இன்னொன்றும் இருந்தது. காக்கா வலிப்பு என்று ஊரில் ஒரு வாய் சொல்லிவிட்டால், நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள். இரண்டையும் மனசில் போட்டு ஒரு வாரம் உருட்டினேன். பிறகுதான் அந்த ஏற்பாடு தோன்றியது.

நீண்ட ரூட்டை விட்டுவிடுவது. பகல் லோடு மட்டும். தம்மம்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் தீவன மில்லில் இறக்குவது. நாற்பதுக்கு மேல் வேகம் போகக் கூடாது. கிளீனர் கிடைக்காத காலம், அதனால் கிளீனராக நான் வருவேன். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் நான் கதை சொல்வேன், அவர் உம் கொட்டுவார். உம் வரவில்லையென்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். நான் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் ஒரு கையில் ஹேண்ட் பிரேக்கையும் பார்த்துக்கொள்வேன்.

லாரி முதலாளி சின்னுசாமிக்கு ஒன்றும் தெரியாது. முதுகு வலி, நீண்ட ஓட்டம் முடியவில்லை என்று சொன்னோம். அவருக்குச் சந்தோஷம்தான். பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் குடிக்க மாட்டான், டீசலும் விற்க மாட்டான் என்று மில்லில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். மில்லில் எனக்குக் கிளீனரம்மா என்று பெயர் வைத்தார்கள். மகளிடம் அப்பா குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணி, அப்பா வண்டி தொடவில்லையே என்று கேட்பாள். தொடவில்லை சாமி என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையில்தான் சிக்கல் வந்தது. காலை மாத்திரை போட்டால் அவருக்குத் தூக்கம் சொக்கியது. தூக்கம் வரவைக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு எவனாவது ஸ்டியரிங்கில் உட்காருவானா என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாகத் தூக்கம் ஒன்றைத்தான் எதிரியாக நினைத்து ஓட்டியவர். அவர் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. காலை மாத்திரையை நிறுத்தினோம். நிறுத்தினோம் என்றுதான் சொல்வேன், நிறுத்தினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

இப்படி ஐந்து மாதம் ஓடியது.

ஒன்று சொல்ல வேண்டும், வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். என் வாழ்க்கையில் அந்த ஐந்து மாதம் போல எனக்கு வாய்த்ததில்லை. அவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்காருவேன். கீழே சூடு தகிக்கும். வாய் ஓயாமல் பேசுவேன். என் பெரியம்மா மகள் மாப்பிள்ளையைப் பிடிக்காமல் சோளக்காட்டில் ஒளிந்த கதை, எங்கள் தெருவில் ஆட்டுக்குட்டிக்காக இரண்டு வீடு பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்த கதை, மகள் முதல் அடி வைத்தது, அம்மை போட்டுக் கிடந்தது, பள்ளிக்கூட மேடையில் பயந்து அழுதது. அவர் ஊரில் இல்லாத நாளெல்லாம் என்ன நடந்ததோ அதையெல்லாம் சொன்னேன். உம் என்பார். உம், அப்புறம் என்பார். சில இடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரிப்பார். இந்த மனுஷனுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நோய் வந்து எனக்குப் புருஷனைக் கொடுத்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்த வாய்க்கு மண்ணைத்தான் போட வேண்டும்.

இரண்டு முறை உம் வரவில்லை. ஒரு முறை மில் வாசலில், எடை மேடையில் வண்டி நிற்கும்போது. இன்னொரு முறை புதுச்சத்திரத்துக்கு முன்னால் நேர்ரோட்டில். பார்த்தேன், வாய் மென்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டேன். மனசுக்குள் இருபத்தாறு எண்ணினேன். அவர் திரும்பி வந்து என் கையைப் பார்த்தார். அதை மெதுவாக எடுத்துவிட்டார். எனக்குக் கர்வம் வந்துவிட்டது. டாக்டர் பெரிய படிப்புப் படித்துவிட்டு ஓட்டாதே என்கிறார், நான் வெறும் வாயை வைத்துக்கொண்டு ஓட்ட வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாசி மாதம். மக்காச்சோளம் அறுப்புக் காலம். தம்மம்பட்டியில் லோடு ஏற்றிக்கொண்டு புறப்படும்போது காலை பத்தரை இருக்கும். கதை தீர்ந்துவிட்டது. ஐந்து மாதத்தில் ஒரு பெண் பிள்ளையிடம் எவ்வளவுதான் இருக்கும்? சொன்னதையே சொல்ல ஆரம்பித்தேன். அவர் கிண்டல் செய்தார்.

"சரக்கு தீந்துபோச்சா அம்மிணி? ஆட்டுக்குட்டிக் கதைய இதோட மூணாவது வாட்டி சொல்றே."

தீரவில்லை. ஒன்று மட்டும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் லாரிக்காரன் குடும்பத்துக்கு என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, கல்யாணமாகி வரும்போதே தெரிந்துவிடும். வண்டியில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. சாவாக இருந்தாலும் சரி, ஊர் வந்து இறங்கி, கால் கழுவி, ஒரு வாய் சோறு தின்ற பிறகுதான் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பனுக்கு வேறு யாரோ கொள்ளி போட்டு, எட்டு நாள் கழித்துத் தெரிந்துகொண்ட டிரைவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் இருப்பவன் மனசு கலங்கினால் அவனையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் அறிவுக்கு ஐந்து வயது. எனக்கு இரண்டாவது தங்கியிருந்தது. போனில் சொல்ல மனசில்லை, நேரில் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் போன வண்டி நாக்பூரில் கியர் பாக்ஸ் உடைந்து நின்றது. சரியானதும் அங்கிருந்தே கவுகாத்திக்கும் திரும்ப நாக்பூருக்குமாக மாறி மாறி லோடு கொடுத்துவிட்டார்கள். நாலாம் மாதம் குழாயடியில் வழுக்கி விழுந்தேன். ராசிபுரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். விழுந்த அன்றைக்குச் சாயங்காலமும் போன் பண்ணினார், எல்லாரும் நல்லா இருக்கிறோம் என்றேன். ஊர் வந்தபோது நாற்பது நாள் ஆகியிருந்தது. கால் கழுவினார், சோறு தின்றார். சொல்ல வாய் வரவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டேன். அந்த என்ன ஆகப்போகிறது பதினாலு வருடம் ஆகிவிட்டது.

அதை அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஓடுகிற வண்டியில், ஸ்டியரிங்கில் இருக்கிறவரிடம். கதை தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்காகவா, ஐந்து மாதம் பேசிப் பேசி மனசு இளகிவிட்டதாலா, எனக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை. பக்கத்துக் கண்ணாடி வழியாக மரவள்ளிக் கிழங்குக் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அப்போது எனக்கு நாள் தள்ளியிருந்தது என்றேன். உம் என்றார். குரல் மாறியிருந்தது. குழாயடியில் வழுக்கியதைச் சொன்னேன். உம். ஆட்டோவில் ரத்தத்தோடு போனதைச் சொன்னேன். உம். நர்ஸம்மா ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனாள், ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை என்றேன். உம் என்றார்.

எனக்கு ஆங்காரம் வந்தது. பதினாலு வருடம் நெஞ்சில் வைத்து அழுத்தியதை எடுத்து வைக்கிறேன், இந்த மனுஷன் ஆட்டுக்குட்டிக் கதைக்குச் சொன்னதுபோலவே உம் என்கிறாரே, கல்லா இவர் என்று திரும்பினேன்.

வாய் மென்றுகொண்டிருந்தது. கண் கண்ணாடிக்கு வெளியே எதிலும் இல்லை. ஆள் இல்லை. ஆனால் நான் பேச்சை நிறுத்திய அந்த நொடியில், அந்த வெறும் வாயிலிருந்து, சரியாக, இன்னொரு உம் வந்தது.

ஐந்து மாதம் நான் பழக்கிய உம். அவர் போன பிறகும் அது போகவில்லை.

ரோட்டைப் பார்த்தேன். அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பாதி ரோடு களம்தான். எங்களுக்கு நேராக இடது பாதி முழுக்க மக்காச்சோளம் காயப் போட்டு, ஓரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையால் சோளத்தைத் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். எந்த லாரியும் ஒதுங்கித்தான் போகும் என்ற நம்பிக்கையில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்தேன். அவர் பிடி இறுகியிருந்தது, திரும்ப மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் தொங்கினேன். ஹாரனில் என் முழங்கை பட்டதோ, நான்தான் கத்தினேனோ, அவள் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவள் அங்கே இல்லை. கல் நொறுங்கியது, சோளம் கண்ணாடியில் வந்து அடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி ரோட்டுக்குக் குறுக்கே போய், முன்சக்கரம் மண்ணில் இறங்கி, உதறிக்கொண்டு நின்றது. இன்ஜின் அணைந்தது.

ஒரு சத்தமும் இல்லை. கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் வாய் மெல்லுவதை நிறுத்தியது. கண் இமைத்தார். என்னைப் பார்த்தார்.

"உம், அப்புறம்?" என்றார்.

நான் கதவைத் திறந்து குதித்தேன். அந்தப் பெண் ஓரத்துக் கிழங்குக் காட்டுப் பள்ளத்தில் கிடந்தாள். உயிரோடு இருந்தாள். முழங்காலில் தோல் வழன்று ரத்தம், ஒரு கணுக்கால் பிசகியிருந்தது. பலகை வண்டிச் சக்கரத்தின் கீழே இரண்டாகக் கிடந்தது. அவள் பெயர் மாரியாயி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. டீக்கடையிலிருந்து ஐந்தாறு பேர் ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஒரு வாடையும் இல்லை.

அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. சோளத்தையும் சக்கரத்தையும் அந்தப் பெண்ணையும் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. கண் அசந்துவிட்டது, தப்புதான் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தூக்கம் என்றதும் கூட்டத்தின் கோபம் பாதி இறங்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவன் லாரியில் இருப்பான், டிரைவருக்குக் கண் அசருவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குடியை மன்னிக்க மாட்டார்கள், தூக்கத்தை மன்னிப்பார்கள். மாரியாயியைத் தூக்கி உட்கார வைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் இரண்டு மடக்குக் குடித்தாள். மீதியை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினாள்.

"என்ற மவனும் லாரிக்குத்தான் போறான். ஒறக்கங்கெட்டா இப்படித்தான் ஆவும். உசுரு தப்புச்சே, அது போதும். மூஞ்சியக் கழுவிட்டு ஒரு டீயக் குடிச்சுப்போட்டுப் போ சாமி," என்றாள்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. சோளத்துக்கும் காலுக்கும் சின்னுசாமி ஏதாவது செய்துவிடுவார். நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். மத்தியானத்துக்குள் மில்லில் இறக்கிவிடலாம். நாளைக்கு உம் வேண்டாம், வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம், கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைக்கலாம், கணக்குப் போட வைக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நின்றுகொண்டு அதைக்கூட யோசித்தேன். அவர் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணால் கெஞ்சினார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

மாரியாயியின் முழங்காலில் ரத்தத்தோடு இரண்டு சோளமணி ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஒறக்கமில்லீங்க. அவருக்கு வலிப்புங்க. தெரிஞ்சுதான் நான் கூட உக்காந்து வாரனுங்க."

மாரியாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டிய சோளத்தைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தாள்.

வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெரியவருக்கு அவசரம் வந்துவிட்டது. இரும்பு கொடுங்கள், கையில் இரும்பு கொடுங்கள் என்றார். நல்லபடியாக நின்றுகொண்டிருக்கிற மனுஷனுக்கு எதற்கு இரும்பு என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிலும் தேடிவிட்டு அவரே வண்டியில் ஏறி, சாவியை உருவி வந்து, என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். தூரத்தில் நின்ற இரண்டு பெண்கள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இவர் குனிந்த தலை நிமிரவில்லை. நாக்பூர் சந்தில் நாற்பது அடி வண்டியை ஒரே வெட்டில் திருப்புகிறவர் என்று மில்லில் பேர் வாங்கியவர், நடுரோட்டில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போய்ச் சாவியைக் கேட்டேன். தரவில்லை. இன்னொரு முறை கேட்டேன். கை இன்னும் இறுகியது. இந்தத் தடவை நினைவோடுதான் இறுக்கினார். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். கடைசி விரலைப் பிரிக்கும்போது என்னையறியாமல் அழுதுவிட்டேன். சாவியின் பல் அவர் உள்ளங்கையில் பதிந்து கிடந்தது.

முதலாளிக்கு நானே போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். என் வண்டியில் இப்படிப் பண்ணிவிட்டீர்களே அம்மா என்றார். ஒரு மணி நேரத்தில் தனசேகர் என்ற டிரைவர் ஒருவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். இவரிடம் தொழில் கற்றவன்தான். இவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான், சீட்டைத் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளினான், என் சாக்கை எடுத்து வெளியே போட்டான். மாரியாயியை ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மில்லுக்குப் போவதாகச் சொன்னான். வண்டி கிளம்பிப் போனதை இவர் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், மூன்றாவது கியர் விழும் வரைக்கும்.

பஸ் வந்தது. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். முள்ளுக்குறிச்சி போனது, நாமகிரிப்பேட்டை வந்தது. எறக்கிட்டீன்னா செத்தவன் என்று அவர் சொன்னது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் கயிறு எங்கே இருக்கிறது, பூச்சி மருந்து எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்தேன். மகளுக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. ராசிபுரம் நெருங்கும்போது ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"எறக்கிப்போட்டீல்ல."

"எறக்கிட்டனுங்க," என்றேன்.

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது. அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்னமோ சொல்லிட்டு வந்தியே. கொழாயடில வழுக்குச்சுன்னு. அது வரைக்குந்தான் எனக்குத் தெரியுது."

எந்த வார்த்தையில் அவர் போனார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் நான் சொன்னது எல்லாம் ஆளில்லாத லாரியில் சொன்னது. மறுபடி சொல்ல வேண்டும். இப்போது அவர் வண்டியில் இருக்கிற டிரைவர் இல்லை. சொல்லலாம்.

ஆட்டோவைச் சொன்னேன். ரத்தத்தைச் சொன்னேன். நர்ஸம்மா துணியில் சுற்றி எடுத்துப் போனதைச் சொன்னேன். நிறுத்தினேன்.

உம் வரவில்லை.

ஐந்து மாதப் பழக்கம், என் கை தானாக முன்னால் பாய்ந்தது. முன் சீட்டுக் கம்பியில் போய் இடித்தது. பதறித் திரும்பிப் பார்த்தேன். வாய் மெல்லவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது. கண் என்னைத்தான் பார்த்தது, நிறைந்து வழிந்தது. முழுசாக இருந்தார்.

மீதியையும் சொன்னேன். ஒரு உம்கூட அவர் கொட்டவில்லை.